எல்லாரும் சரின்னுட்டாங்க

நவம்பர் 24, ஞாயிறு

காலையில் விளக்கேற்ற ஐந்து தீக்குச்சி ஆனது. நாலு நமத்துப் போச்சு. மூன்று நாளாக இதே மழை. கார்த்திகை மாதம், நான் ஒரு வேளை பலகாரத்தோடு இருக்கிறேன். வீட்டுக்காரருக்குக் கருவாடு இல்லாத குறை. இந்தக் குளிருக்கு ஒரு துண்டு சுட்டுத் தின்னா சாமி கோவிச்சுக்குமா என்கிறார். சாமி கோவிக்காது, நான் கோவிச்சுக்குவேன் என்றேன்.

குடையைப் பிடித்துக்கொண்டு வயலுக்குப் போய்ப் பார்த்தேன். நாங்கள் ஏழு பொம்பளைகள் சேர்ந்து குத்தகைக்கு எடுத்த ஒன்பது மாவிலும் முழங்காலுக்குத் தண்ணீர். மூன்று ஏக்கர், ஏழு வீட்டுச் சாப்பாடு. நட்டு நாற்பது நாள் ஆன பயிர், இப்போது நுனி மட்டும்தான் தெரிகிறது. வடிவாய்க்கால் வடியாமல் எதிர்த்துக்கொண்டு நிற்கிறது. கீழே எங்கேயோ வெங்காயத்தாமரை அடைத்திருக்கிறதாம். பொக்லைன் வருது வருது என்கிறார்கள். யார் கண்ணிலும் பட்டதில்லை.

எங்கள் வயலுக்கு அடுத்து, ஒரு பெரிய வரப்புக்கு அந்தப் பக்கம், கொஞ்சம் பள்ளத்தில் அம்சத்தின் வயல். ஒன்றரை மா. எங்கள் ஏழு பேரில் அவளும் ஒருத்தி, ஆனால் இது அவளுடைய சொந்த நிலம். புருஷன் போன பிறகு மாமனார் வீட்டோடு ஆறு வருஷம் மல்லுக்கட்டி, போன வருஷம்தான் பட்டா அவள் பேருக்கு வந்தது. முதல் சம்பா இது. எங்கள் நடவெல்லாம் முடித்துவிட்டுக் கடைசியாகத்தான் அவள் வயலில் நட்டாள். பதினாறு நாள் பயிர், சாண் உயரம்கூட இல்லை. ஆனால் அவள் பக்கத்துத் தண்ணீர் ஒரு குழாய் வழியாகப் பின்னால் உள்ள ஓடைக்கு இறங்கிவிடுகிறது. பசபசவென்று நிற்கிறது.

காளியம்மா, பொறாமைப்பட்டேனா? கொஞ்சம் பட்டேன்.

நவம்பர் 25, திங்கள்

மழை. நேற்றைவிட நாலு விரல் ஏறியிருக்கிறது.

நவம்பர் 26, செவ்வாய்

மோட்டார் கொட்டகையில் கூடினோம். ஏழு பேரும் வந்தாச்சு. வானதி மூன்று மாசக் குழந்தையைத் துப்பட்டாவில் சுற்றி எடுத்து வந்திருந்தாள். அந்தக் குழந்தை மட்டும்தான் சத்தம் போட்டது.

எங்களுக்கு ஒரு முறை உண்டு. நடுவில் ஒரு படி வைப்போம். ஆளுக்கு ஒரு கைப்பிடி நெல் எடுத்துக்கொள்வோம். ஒரு காரியத்துக்குச் சம்மதம் என்றால் நெல்லைப் படியில் போடணும். இல்லையென்றால் கையை மூடிக்கொண்டு அடுத்தவளுக்குப் படியைத் தள்ளிவிடணும். ஏன் என்று யாரும் கேட்கக் கூடாது. ஏழு பிடி விழுந்தால்தான் காரியம், ஆறு விழுந்தால் இல்லை. முன்னால் கை தூக்கித்தான் முடிவு செய்தோம். நாலுக்கு மூணு என்று விதை மாற்றினோம். அந்த மூன்று பேரும் களைக்கு வரவில்லை. வயல் பூரா கோரை. அதற்குப் பிறகு வந்த முறை இது.

இன்றைக்குப் பூர்ணிமாதான் ஆரம்பித்தாள். பெரிய வரப்பை ஒரு இடத்தில் வெட்டினால் நம்ம தண்ணி ஒரே நாளில் அம்சம் வயல் வழியாக ஓடைக்குப் போய்விடும் என்றாள். சொல்லிவிட்டு அம்சத்தைப் பார்க்காமல் கூரையைப் பார்த்தாள்.

எல்லாருக்கும் தெரியும். ஒன்பது மா தண்ணீரும் அந்த ஒன்றரை மா வழியாகப் போனால் பதினாறு நாள் பயிர் நிற்குமா? வேரோடு போகும். வயல் பூரா சேற்று மண்டி படிந்துவிடும்.

அம்சம் தன் கால் விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். ரஹ்மத் பீவி அக்கா, இன்னிக்கு வேணாம், ராத்திரி மழை விட்டாலும் விடும், நாளைக்கு மூணு மணிக்கு உக்காருவோம் என்று முடித்துவிட்டார்கள். படியை எடுக்கவே இல்லை.

வரும் வழியில் பயிர் நுனியும் தெரியவில்லை. தண்ணிக்கு அடியில் இன்னும் ரெண்டு நாள் தாங்குமா? அழுகினால் திரும்ப நட நாற்று எங்கே இருக்கு?

நவம்பர் 27, புதன்

மழை விடவில்லை. எனக்கு உட்கார முடியவில்லை. ஆறு மணிக்கே விளக்கேற்றி, அம்மா நீதான் வழி காட்டணும் என்று நின்றேன். பல்லி சொல்லிச்சு. கிழக்குப் பக்கம். நல்ல சகுனம்தானே? குடையை எடுத்தேன்.

நான் நினைத்தது இவ்வளவுதான். கூட்டத்தில் யாரும் யார் முகத்தையும் பார்த்துப் பேச மாட்டார்கள். வீட்டில் வைத்து ஒவ்வொருத்தரிடமும் பேசினால் மனசில் உள்ளது வரும். பேசுவது எனக்கு வராத காரியமா.

முதலில் கீழத்தெரு அக்கா தங்கச்சி வீடு. ரெண்டு பேரும் ஒரே குரலில், அம்சம் என்ன சொல்றா என்றார்கள். அவ சொல்லாம நாங்க போட மாட்டோம், பாவம் வந்து சேரும் என்றார்கள்.

"அம்சமே சரின்னுட்டா."

நான்தான் சொன்னேன். யோசித்துச் சொல்லவில்லை. வாய் முந்திக்கொண்டது. சொன்ன உடனே அந்த இரண்டு முகத்திலும் ஒரு நிம்மதி வந்ததே, அதைப் பார்த்த பிறகு எப்படித் திருப்பி எடுப்பது?

பூர்ணிமா வீட்டில் அதையே சொன்னேன். இந்தத் தடவை வாய் முந்திக்கொண்டது என்று சொல்ல முடியாது. வானதி மட்டும், அத்தை நானே அவங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுடறேனே என்றாள். இந்த மழையில பச்சப்புள்ளையைத் தூக்கிக்கிட்டு நீ எங்கடி போவே என்று அடக்கிவிட்டேன்.

ரஹ்மத் பீவி அக்கா அடுப்பங்கரையில் இருந்தார்கள். பையன் தௌபீக் குவைத்திலிருந்து போனில் பேசிக்கொண்டிருந்தான். அதை வைத்துவிட்டு என்னை நேராகப் பார்த்தார்கள்.

"நீ அவ வாயால கேட்டியா சாவித்திரி?"

"கேட்டேன்க்கா."

கடைசியாகத்தான் அம்சம் வீடு. ஈர விறகு, வீடெல்லாம் புகை. ஊதுகுழலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எதுக்கு வந்தேன் என்று புரிந்துவிட்டது.

"எல்லாரும் சரின்னுட்டாங்க அம்சம். நீ ஒருத்திதான் பாக்கி."

"எல்லாருமா?"

"எல்லாரும்."

"பீவி அக்காவுமா?"

"அவங்களுந்தான்."

கொஞ்ச நேரம் ஊதினாள். தீ பிடித்தது. "அப்ப நான் ஒருத்தி என்னத்தச் சொல்ல. சரி" என்றாள்.

மதியம் மூன்று மணிக்கு மோட்டார் கொட்டகை. முதல் பிடி அம்சம்தான் போட்டாள். யாரும் தன் முகத்தைப் பார்த்துத் தயங்க வேண்டாம் என்று முந்திக்கொண்டாள் போல. அதைப் பார்த்து மற்றவர்கள் போட்டார்கள். வானதிக்குக் கண் கலங்கிவிட்டது. ஏழு பிடி. வரப்பில் முதல் வெட்டும் அம்சமே வெட்டினாள், அவள் மண்வெட்டியால். தண்ணீர் பாய்ந்த சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

நவம்பர் 28, வியாழன்

நான் சொன்னது பொய்யா? காலையில் சொன்னபோது பொய். மூன்று மணிக்கு ஏழு பிடியும் விழுந்தபோது உண்மையாகிவிட்டது. எல்லாரும் சம்மதிச்சாங்களா இல்லையா? சம்மதிச்சாங்க. அம்சம் சம்மதிச்சாளா? சம்மதிச்சா. அப்புறம் என்ன. ஏதோ கொஞ்சம் முன்கூட்டிச் சொல்லிவிட்டேன்.

எதற்கு இதை ரெண்டு தடவை எழுதிப் பார்க்கிறேன்?

நவம்பர் 30, சனி

மழை விட்டது. எங்கள் ஒன்பது மாவும் வெளியே வந்துவிட்டது. ஓரத்தில் கொஞ்சம் அழுகல், மற்றது பிழைக்கும். வீட்டுக்காரர்கூட, ஒங்க கூட்டத்துல மூளை இருக்குங்கறதே இப்பதான் தெரியுது என்றார். அவர் வாயில் அது பெரிய பாராட்டு.

அம்சம் வயலைப் பார்க்கக் கூடாது என்றுதான் போனேன், பார்த்துவிட்டேன். வெட்டின இடத்திலிருந்து ஓடை வரைக்கும் ஒரு பாதை போட்ட மாதிரி இருக்கிறது. பயிர் என்று ஒன்றும் இல்லை. மண்டி, பிளாஸ்டிக் பை, யார் வீட்டுச் செருப்போ ஒன்று. அம்சம் குனிந்து நாலைந்து நாற்றை எடுத்துக் கழுவிக் கழுவி வைத்துக்கொண்டிருந்தாள். எதற்கு என்று தெரியவில்லை. அவளுக்கும் தெரியாது என்று நினைக்கிறேன்.

நான் கூப்பிடாமல் திரும்பி வந்துவிட்டேன். நான்.

டிசம்பர் 4, புதன்

இன்றைக்கு உயிர் போய் உயிர் வந்தது.

களையெடுப்பு. ஏழு பேரும் வரிசையாக இறங்கினோம். அம்சத்துக்குப் பக்கத்தில் பூர்ணிமா. குனிந்துகொண்டே பேசுகிறாள்: ஒன்னைய மாதிரி மனசு யாருக்கு வரும் அம்சம், நானா இருந்தா செத்தாலும் கூட்டத்துக்கு முன்னாடியே முதல்ல சரின்னு சொல்லியிருக்க மாட்டேன்.

அம்சம் நிமிர்ந்தாள். "முதல்லயா?"

"பாம்பு" என்றேன் நான்.

எல்லாரும் கரைக்கு ஓடினார்கள். பாம்பும் இல்லை, ஒன்றும் இல்லை. தண்ணிப் பாம்புடி, அந்தப் பக்கமாப் போச்சு, எவ்வளவு நீளம் தெரியுமா என்று ஆரம்பித்து, என் மாமியார் காலத்தில் வைக்கோல் போரில் வந்த பாம்பு, போன வருஷம் வேளாங்கண்ணிக்குப் போன பஸ்ஸில் ஏறின பாம்பு என்று அரை மணி நேரம் பேசினேன். தொண்டை கட்டிவிட்டது. திரும்ப இறங்கும்போது அம்சத்துக்கும் பூர்ணிமாவுக்கும் நடுவில் நான் நின்றுகொண்டேன். அந்தப் பக்கம் வானதி இருக்கிறாளே! அவளையும் கரைக்கு அனுப்பினேன், குழந்தை அழுவுது பாரு என்று. குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது.

இப்படி அறுப்பு வரைக்கும் எத்தனை பாம்பு விடுவேன்?

டிசம்பர் 5, வியாழன்

சாமி கும்பிடும்போது அம்மன் முகத்தைப் பார்க்காமல் பாதத்தையே பார்த்தேன்.

டிசம்பர் 9, திங்கள்

ரஹ்மத் பீவி அக்கா வந்தார்கள். காபி வேண்டாம் என்றார்கள். அவர்கள் என் வீட்டில் காபி வேண்டாம் என்றது இதுதான் முதல் தடவை.

நேற்று அம்சம் வீட்டுக்குக் கொஞ்சம் அரிசி கொடுக்கப் போனார்களாம். ஆறுதலாக ரெண்டு வார்த்தை பேசியபோது அம்சம் சொன்னாளாம், எல்லாரும் சரின்ன பிறகு நான் ஒருத்தி எப்படிக்கா மாட்டேன்னு சொல்றது என்று. அக்கா ஒன்றும் காட்டிக்கொள்ளாமல் வந்துவிட்டார்கள்.

"எங்களுக்கு அவளைச் சொன்னே. அவளுக்கு எங்களைச் சொன்னே. அப்ப அந்த வரப்பை வெட்டச் சொன்னது யாரு சாவித்திரி?"

நான் பேசினேன். பயிர் அழுகியிருக்கும், ஏழு வீடு என்ன ஆகும், நாற்று ஏது, நல்லதுக்குத்தானே, பல்லிகூட… எல்லாவற்றையும் சொன்னேன். அவர்கள் குறுக்கே பேசவே இல்லை. முடிகிற வரைக்கும் கேட்டார்கள். அதுதான் தாங்க முடியவில்லை. அவர்கள் கேட்கக் கேட்க என் பேச்சு எனக்கே கேட்டது.

எழுந்து போகும்போது சொன்னார்கள்: "நான் சொன்னா அது கோள் மூட்டினதாப் போயிரும். நீயே சொல்லு. ஞாயித்துக்கிழம கூட்டம் வரைக்கும் பாப்பேன்."

டிசம்பர் 11, புதன்

சொல்லாமல் இருக்க வழி தேடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை தங்கச்சியைப் பார்க்க மயிலாடுதுறைக்குப் போய்விட்டால்? திரும்பி வரத்தானே வேண்டும்.

அம்சத்திடம் மட்டும் தனியாகச் சொல்லிவிட்டால்? திரும்பவும் வீட்டுக்குப் போய்த் தனியாகவா? அதுதானே இத்தனைக்கும் காரணம்.

டிசம்பர் 13, வெள்ளி

கார்த்திகை தீபம். அகல் இருபத்தேழு ஏற்றினேன். காற்றில் ஒன்று அணைய ஒன்று ஏற்ற என்று அதிலேயே நேரம் போனது, நல்லதாப் போச்சு.

காளியம்மன் கோயிலில் பூசாரி யார் பேருக்கு அர்ச்சனை என்றார். எப்போதும் வீட்டுக்காரர் பேர், மகள் பேர், பேரன் பேர் என்று வரிசையாக வரும். அம்சம் என்று சொன்னேன். நட்சத்திரம் என்றார். தெரியவில்லை. இருபது வருஷமாக ஒரே வயலில் குனிந்து நிமிர்கிறோம். அவளிடம் நான் பேசாத நாள் இல்லை. அவள் நட்சத்திரம் எனக்குத் தெரியாது. நான் கேட்டதே இல்லை.

சாமி பேருக்கே பண்ணிடுங்க என்று வந்துவிட்டேன்.

டிசம்பர் 15, ஞாயிறு

சொல்லிட்டேன்.

போகும்போது மனசுக்குள் பெரிய பேச்சாகக் கட்டி வைத்திருந்தேன். எங்கே ஆரம்பிப்பது, எங்கே அழுவது எல்லாம். கொட்டகையில் உட்கார்ந்ததும் ஒன்றும் வரவில்லை. ஒரே மூச்சில் முடிந்துவிட்டது. அன்னிக்கு உங்ககிட்ட அம்சம் சரின்னுட்டான்னு சொன்னேன், அவகிட்ட நீங்கள்லாம் சரின்னுட்டீங்கன்னு சொன்னேன், ரெண்டும் பொய், யாருமே சொல்லல என்றேன்.

பூர்ணிமா தலையில் கை வைத்துக்கொண்டாள். கீழத்தெரு அக்கா, அடிப்பாவி என்றாள். தங்கச்சி அதையே திருப்பிச் சொன்னாள். வானதி என்னைப் பார்க்கவே இல்லை. நானே கேட்டுடறேன்னு சொன்னேனே அத்தை என்று மட்டும் சொன்னாள். அது ஊசி மாதிரி இறங்கியது.

பிறகு எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். அறுப்பில் முதலில் ஒன்றரை மாவுக்கு உண்டான நெல்லை அம்சத்துக்கு எடுத்து வைத்துவிட்டுத்தான் மற்றது என்றார்கள். அம்சம் கேட்டுக்கொண்டிருந்தாள். அது என் நெல்லு, வாங்கிக்குவேன், அதுக்காக யாருக்கும் கும்பிடு போட மாட்டேன் என்றாள். சரியான பேச்சு.

அதற்குப் பிறகுதான் என் பக்கம் திரும்பினாள். கோபமாகக்கூட இல்லை.

"வெட்டுங்கன்னு நானே சொல்லியிருப்பேனோ என்னமோ. இல்ல, முடியாதுன்னு சொல்லியிருப்பேனோ. இனிமே அது எனக்கே தெரியாதுக்கா. நெல்லு போனா நெல்லு வரும். இதை யாரு தருவா?"

மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

நான் அழுதேனா? வீட்டுக்கு வந்து அழுதேன். அங்கே அழ எனக்கு என்ன உரிமை இருக்கு.

டிசம்பர் 18, புதன்

அம்சம் வரவில்லை. மூன்று நாளாக வரவில்லை. ஆறு பேர்தான் இறங்கினோம். என்னோடு யாரும் பேசுவதில்லை. அதுவாவது பரவாயில்லை, நானும் யாரோடும் பேசவில்லை. வீட்டுக்காரர் நெற்றியில் கை வைத்துப் பார்த்தார், காய்ச்சலா என்று.

டிசம்பர் 21, சனி

இலைச்சுருட்டுப் புழு.

மேற்கு ஓரத்தில் நேற்று பார்த்தது, இன்று நடுவயலுக்கு வந்துவிட்டது. இலையெல்லாம் சுருண்டு வெள்ளை வெள்ளையாகக் கோடு. வெள்ளத்தில் பிழைத்த பயிர், இதில் போய்விடும் போலிருக்கிறது. பூர்ணிமா கடையில் மருந்து வாங்கி அடித்துவிட வேண்டும் என்கிறாள். கீழத்தெருக்காரர்கள் வேப்பெண்ணெய் போதும், மருந்து அடித்தால் வாய்க்காலில் மாடு தண்ணி குடிக்கும் என்கிறார்கள். படியை வைத்தோம். வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தோம்.

ஆறு பேர். ஏழாவது பிடி யார் போடுவது?

ஆறு போதாதா, அவதான் வரலையே, இப்படி ஒருத்தி வீட்டில் உக்காந்துகிட்டா பயிர் சாவ வேண்டியதுதானா என்றாள் பூர்ணிமா. நியாயமாகத்தான் பட்டது. எனக்கே வாய் துடித்தது. ஆனால் ரஹ்மத் பீவி அக்கா படியைத் தன் பக்கம் இழுத்துக் கவிழ்த்துவிட்டார்கள். "அவ இல்லாம ஒரு தடவ அவ பேரைச் சொல்லி முடிச்சாச்சு. இன்னொரு தடவ முடியாது."

முடிவு இல்லாமல் எழுந்து வந்தோம். புழு நமக்காகக் காத்திருக்குமா.

டிசம்பர் 22, ஞாயிறு

அம்சத்தை யார் போய்க் கூப்பிடுவது? எல்லாரும் என்னைத்தான் பார்த்தார்கள். நான் மாட்டேன் என்றேன். போய் என்ன பேச? பேசினால் திரும்ப அதே வாய்தானே.

சாயங்காலம் மறுபடி வயலுக்குப் போனேன். கிழக்கிலும் வெள்ளைக் கோடு.

டிசம்பர் 23, திங்கள்

போனேன். வீட்டுக்கு இல்லை, வயலுக்கு.

அம்சம் மண்டியை வாரிக் கரையில் கொட்டிக்கொண்டிருந்தாள். ஒற்றை ஆள். ஒன்றரை மா. மண் அள்ளும் பாண்டு ஒன்று சும்மா கிடந்தது. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கி நானும் வாரினேன். ஒரு வார்த்தை பேசவில்லை. ஒரு மணி நேரம் இருக்கும். வெயில் ஏறிவிட்டது. இடுப்பு ரெண்டாகப் பிளந்தது. காளியம்மா, நான் மண் சோறு சாப்பிட்டிருக்கிறேன், அக்கினிச்சட்டி எடுத்திருக்கிறேன், இந்த ஒரு மணி நேரம் மாதிரி எதுவும் இல்லை.

அவள்தான் முதலில் பேசினாள்.

"என்ன சொல்ல வந்தே, சொல்லு."

"ஒண்ணும் சொல்ல வரல."

"நீயா?"

லேசாக உதடு கோணியது. சிரிப்பு என்று சொல்ல முடியாது. பிறகு புழுவைப் பற்றி அவளே கேட்டாள். வரப்பில் இருந்தபடியே பார்த்திருக்கிறாள். எங்கெங்கே என்று காட்டினேன். மருந்தா வேப்பெண்ணெயா, யார் யார் என்ன நினைக்கிறார்கள் என்று கேட்டாள். "அவங்கவங்க வாயால அங்க வந்து கேட்டுக்க அம்சம். நான் சொல்ல மாட்டேன்" என்றேன்.

பாண்டை இறக்கி வைத்துவிட்டு என்னையே கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"இனிமே யாரும் யார் வீட்டு வாசலுக்கும் வந்து சம்மதம் கேக்கக் கூடாது. கேக்குறதா இருந்தா அங்க. எல்லார் எதிர்லயும். அதுக்கு எல்லாரும் ஒத்துக்கிட்டா வர்றேன்."

நான் ஒத்துக்கிறேன் என்றேன். மத்தவங்களும் என்று வாய் வரைக்கும் வந்தது. நிறுத்திக்கொண்டேன்.

டிசம்பர் 24, செவ்வாய்

ஏழு பேர். முதலில் அம்சம் கேட்டதற்கு ஏழு பிடி விழுந்தது. பிறகு புழுவுக்கு உட்கார்ந்தோம். ஒரு மணி நேரம் சண்டை. அம்மாடி, என்ன சண்டை. பூர்ணிமாவும் கீழத்தெரு தங்கச்சியும் கொட்டகை இடிகிற மாதிரி கத்தினார்கள். அம்சமும் கத்தினாள். முள்ளுக் கிளையைக் கயிற்றில் கட்டிப் பயிர் மேல் இழுத்து, சுருண்ட இலையைப் பிரித்து, அதன் மேல் வேப்பெண்ணெய், நாலு நாளில் அடங்காவிட்டால் மருந்து. யார் நினைத்து வந்ததும் இல்லை இது. எல்லாரும் கொஞ்சம் கொஞ்சம் விட்டுக்கொடுத்து வந்து சேர்ந்த இடம். நான் ஒரே ஒரு வார்த்தைதான் பேசினேன், கயிறு எங்க வீட்டில் இருக்கு என்று.

டிசம்பர் 29, ஞாயிறு

புழு அடங்கியிருக்கிறது. மருந்து வேண்டாம். அம்சம் எல்லாரோடும் பேசுகிறாள். என்னோடு வேலைப் பேச்சு மட்டும். அதை எடு, இதைப் பிடி. அது போதும். போதுமா? போதும்.

ஜனவரி 12, ஞாயிறு

கதிர் பால் பிடித்திருக்கிறது. பொங்கலுக்கு இரண்டு நாள். வீட்டுக்கு வெள்ளையடித்துக் கையெல்லாம் வெந்து போயிருக்கிறது.

நிலத்துக்காரர் சிங்கப்பூரிலிருந்து போன் பண்ணினார். மேற்கே ஒட்டினாற்போல் உள்ள ஆறு மாவையும் நாங்களே எடுத்துக்கொள்கிறோமா என்று கேட்கிறார். நாளை மறுநாளுக்குள் சொல்லணும், இல்லையென்றால் வேறு ஆளுக்குப் போய்விடும். மேட்டு நிலம், எந்த மழைக்கும் தண்ணீர் நிற்காது. நாலு வருஷமாக நான் கண் வைத்திருக்கும் நிலம். அதற்காக வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை எலுமிச்சை விளக்கு ஏற்றியிருக்கிறேன்.

கூடினோம். நான் என் மனசில் இருப்பதைச் சொன்னேன், எல்லார் எதிரிலும், ஒரே தடவை. எல்லாருக்கும் ஆசைதான், முகத்திலேயே தெரிந்தது. ஆறு பிடி விழுந்தது. படி அம்சத்திடம் போனது.

அவள் கையைத் திறக்கவில்லை. "வேண்டாம்" என்று வாய் விட்டே சொன்னாள். ஏன் என்று அவளும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. வானதி நோட்டில் எழுதினாள். எழுந்து சேலையில் ஒட்டின மண்ணைத் தட்டிக்கொண்டு அவரவர் வீட்டுக்குக் கிளம்பினோம்.

வீட்டுக்காரருக்குப் பொறுக்கவில்லை. ஆறு மா, கைக்கு வந்தது, நீ போய் அவகிட்ட ஒரு பத்து நிமிஷம் பேசினா முடிஞ்சுது, நாளைக்கு ஒரு நாள் இருக்குல்ல என்றார். பேச்சுக்கு நீ யாரு, அவ யாரு என்றார். அவர் சொல்வது நிஜம். என்ன சொன்னால் அவள் இளகுவாள் என்று எனக்குத் தெரியும். எந்த வார்த்தையில் ஆரம்பிக்க வேண்டும் என்பதுகூடத் தெரியும்.

சாயங்காலம் மஞ்சள் கொத்து வாங்கக் கடைத்தெருவுக்குப் போய்விட்டு அம்சம் வீட்டு வழியாகத்தான் வந்தேன். வேறு வழி கிடையாது. அவள் வாசலில் உட்கார்ந்து அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் முறத்தை நிறுத்தினாள்.

"என்னக்கா, நிக்கலையா?"

"நிக்கல அம்சம்."

முறம் திரும்ப ஆட ஆரம்பித்த சத்தம் பின்னால் கேட்டது. வீடு வந்து சேரும் வரைக்கும் நாக்கைக் கடித்துக்கொண்டே நடந்தேன்.